தண்ணீர் நின்ற தூண்

ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் ஒரு தொல்லை உண்டு. அவர்கள் சொல்லும் எல்லாக் கதைகளிலும் கடைசியில் அவர்களே ஜெயித்திருப்பார்கள். நான் இப்போது சொல்லப்போவதில் ஜெயித்தது யார் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். ரயில்வேயின் ஒர்க்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எஸ்டிமேட் போடுவதையும் அளவெடுப்பதையும் எப்படியும் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம். விக்டோரியா ராணி காலத்தில் கட்டியது. சிவப்புச் செங்கல், வரிசையாக அரைவட்ட வளைவுகள், முகப்பின் உச்சியில் காற்று போக வட்டமாக ஒரு துளை. சுவரின் கனம் எவ்வளவு என்றால், ஜன்னல் மாடத்தில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். உள்ளே ஒரு வெயிட்டிங் ஹால். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மேல்தளம். வெளியே நடைமேடைக்கு ஒரு கூரை. அதன் விளிம்பில் பூவேலை செய்த மரப்பட்டிகள். அந்தக் கூரையை வார்ப்பு இரும்புத் தூண்கள் தாங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தூணின் தலையிலும் விரிந்த இலைகள். அது என்ன இலை என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நம்மூரில் அப்படி ஒரு இலை கிடையாது. கப்பலில் வந்த இலை.

என் சர்வீஸில் நான் அதிகம் நேசித்த கட்டடம் எது என்று கேட்டால், அந்தத் தூண்களைத்தான் சொல்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் கட்டடத்தை இடித்துவிடலாமா என்று எழுதித் தரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நடைமேடையை உயர்த்திப் புதிதாக டைல்ஸ் போட்டதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் சுவர் ஊறிக்கொண்டே வந்தது. பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. பயணிகள் தலையில் விழுந்துவிடும் என்று வெயிட்டிங் ஹாலைப் பூட்டச் சொல்லி எங்கள் அதிகாரி உத்தரவு போட்டிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரடியாகத் தேர்வு எழுதி வந்தவர், தெற்கத்திக்காரர். வயதில் என் தம்பி மகன் மாதிரி. கெட்டிக்காரர், குரலை உயர்த்தாதவர். ஆனால் பழைய கட்டடம் என்றால் அவருக்கு ஒரே முடிவுதான். வந்த கொஞ்ச காலத்திலேயே ஒரு பழைய குவார்ட்டர்ஸையும் ஒரு கூட்ஸ் ஷெட்டையும் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பின்னால் ‘புல்டோசர்’ என்று பெயர். நானும் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான்.

வெயில் அடித்த ஒரு நாளில் போய்ப் பார்த்தேன். சுவர் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் பிடிபடவில்லை. ஓர் உயிர் நோயில் கிடக்கிறது, என்ன நோய் என்று தெரியாமலே பிழைக்காது என்று எழுதுவதா? “மழையில ஒரு தடவை பார்த்துட்டு எழுதறேன் சார்” என்று கேட்டேன். சரி என்றார். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தைப் பார்க்கப் போவதென்றால் மழையில் போங்கள். வெயிலில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரிதான் நிற்கும்.

மழை வந்தது. ஆனால் அது வந்த நாள் கார்த்திகை தீபம்.

திருவண்ணாமலைக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்தே அந்தச் சின்ன ஸ்டேஷனில் சேர்ந்துவிட்டது. மயிலம், கூட்டேரிப்பட்டுப் பக்கத்து ஜனங்கள். பஸ்ஸில் ஏற முடியாது, ரோடெல்லாம் நெரிசல் என்று விழுப்புரம் போய் மாறும் ஸ்பெஷல் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். மழை சாட்டையாக அடித்தது. அத்தனை பேரும் அந்த ஒரே நடைமேடைக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நின்றார்கள். என்னோடு தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன்கள் சிலர் இருந்தார்கள்.

முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சாவி வாங்கி ஹாலைத் திறந்து உள்ளே பார்த்தேன். உத்திரங்கள் காய்ந்திருந்தன. மேல்தளம் காய்ந்திருந்தது. நடைமேடைப் பக்கத்துச் சுவரில் மட்டும், அதுவும் வெளிப்புறத்தில்தான் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். கூரையும் சுவரும் சேரும் இடத்துக் கால்வாய் நிரம்பித் தளும்பிச் சுவர் மேல் கொட்டியது. அடைப்பு என்று நினைத்து ஒருவரை ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். “அடைப்பு எதுவும் இல்ல மேடம், தண்ணி எறங்கவே மாட்டேங்குது” என்றார்.

எங்கே இறங்க வேண்டும்? குழாய் எங்கே? கண்ணுக்கெட்டியவரை ஒரு குழாயும் இல்லை. எத்தனையோ முறை பார்த்த கட்டடம். அதன் மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. யோசித்தபடி பக்கத்துத் தூணில் கை வைத்தேன். பானையைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. கையிலிருந்த ஹால் சாவியால் தூணைத் தட்டினேன். என் தலைக்கு மேலே கணீர் என்றது. மார்பளவில் தொப் என்றது.

தூண்தான் குழாய்.

அந்தக் காலத்தில் கட்டியவன் கூரைத் தண்ணீரைத் தூணுக்குள்ளேயே இறக்கி, அடியில் ஒரு வாய் வைத்து வெளியே விட்டிருக்கிறான். நடைமேடையை உயர்த்தியபோது அந்த வாய்கள் எல்லாம் மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் போய்விட்டன. கீழே நின்ற தண்ணீருக்கு மேல் காற்று அடைபட்டு, கால்வாய்த் தண்ணீரை இறங்கவிடாமல் தடுத்தது. போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கு ஆர்டர் வந்தது, உயர்த்தினார்கள். தூண் வெறும் தூண் என்று நினைப்பதில் தப்பு இல்லை.

ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றிலும் தண்ணீர். நடுவில் ஒன்றில் மட்டும், டைல்ஸை ஒட்டிய அடிப்பாகத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதிலிருந்து துரு நிறத்தில் நீர் கசிந்தது. விரலால் துடைத்தேன். மறுபடி கசிந்தது.

மற்ற இரும்பு பாரம் தாங்காவிட்டால் வளையும். வளைந்து நமக்குச் சொல்லும். வார்ப்பு இரும்பு எதுவும் சொல்லாது, ஒரேயடியாக உடையும். அந்தத் தூணைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். அதன் மேலேயே சாய்ந்துகொண்டு ஒரு பெரியவர் துணி மூட்டையின் மீது உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மருமகள், நடுவயதுப் பெண், முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

“அப்ப ஒண்ணு பண்ணலாம் மேடம். அடியில டைல்ஸை ஒடச்சி தண்ணிய வெளிய வுட்டுடலாம். உங்காளுங்க கடப்பாறையோட சும்மாதான நிக்கினு இருக்காங்க?”

“கடப்பாறை அதிர்ச்சியிலயே தூண் போயிடும். ஜனம் நிக்கும்போது அதைத் தொடக் கூடாது.”

“அப்ப நவுத்தணும். ஸ்பெஷல் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும். இத்தன பேரையும் இப்ப நவுத்தினா பேஜாராயிடும் மேடம். எல்லாம் பிளாட்பார ஓரத்துக்குத்தான் வருவாங்க. தரை வேற வழுக்குது.”

அவர் சொன்னது சரி. கூரை ஒரு பக்கம் பயமுறுத்தியது, தண்டவாளம் இன்னொரு பக்கம். பார்ப்பது ஓர் ஆபத்தை மட்டும் என்றால் முடிவெடுப்பது சுலபம். நம் வேலையில் அது எப்போதும் ஜோடியாகத்தான் வரும்.

அதிகாரிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

“கூரைக்குக் கீழ ஒரு ஆள் இருக்கக் கூடாது மேடம். எல்லாரையும் வெளிய அனுப்புங்க. நான் பொறுப்பு.”

“வெளியன்னா மழை சார். தள்ளுமுள்ளுல லைன்ல விழுந்துடுவாங்க. நடுத்தூணைச் சுத்தி மட்டும் காலி பண்றேன். அங்க இருக்கறவங்களுக்கு ஹாலைத் திறந்து விடறேன்.”

“அந்த ஹாலைப் பூட்டச் சொன்னதே நான்தான்.”

“தெரியும் சார். எனக்கென்னவோ ஹால் நல்லா இருக்குன்னுதான் தோணுது.”

மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

“உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லாதீங்க மேடம். கண்ணால என்ன பார்த்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷ அனுபவத்தின் மேல் ஒரு சின்னப் பையன் கை வைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னேன். உத்திரம் காய்ந்திருக்கிறது. உத்திர முனை சுவரில் நுழையும் இடத்தில் ஏணியில் ஏறிச் சாவியால் குத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. மேல்தளத்தில் ஈரம் இல்லை. சுவரில் பூச்சுதான் உதிர்ந்திருக்கிறது, செங்கல் இல்லை. நேர்க்கோட்டில் நிற்கிறது, புடைப்பு இல்லை. தண்ணீர் வெளிப்பக்கம் மட்டும். நடுத்தூணில் விரிசல், கசிகிறது. மற்ற தூண்களில் விரிசல் கண்ணில் படவில்லை. ‘இல்லை’ என்று சொல்லவில்லை, ‘கண்ணில் படவில்லை’ என்றுதான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெளிந்தது. எது எனக்குத் தெரியும், எதை நான் ஆசைப்படுகிறேன் என்பது தனித்தனியாகப் பிரிந்து வந்தது.

“சரி, ஹாலைத் திறங்க. ஈரச் சுவர்ப் பக்கம் யாரும் போக வேண்டாம். என் உத்தரவுன்னு எழுதிக்குங்க” என்று வைத்துவிட்டார்.

ஹாலைத் திறந்தோம். கேங்மேன்கள் ஈரச் சுவரை ஒட்டிக் கயிறு கட்டினார்கள். ஆனால் ஜனம் நகர்ந்தால்தானே! நான் அந்த மருமகளிடம் போய், எழுந்து உள்ளே போகச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இன்னாம்மா இது? காலையிலேர்ந்து நிக்கினே இருந்தோம். மாமாவுக்கு முட்டி வலி. இப்பத்தான் குந்த எடம் கெடச்சிது. அதுக்குள்ள எழுந்திருன்றீங்க.”

“உள்ள பெஞ்ச் இருக்கும்மா. இந்த இடம் ஆபத்து.”

“பூட்டி வச்சது நீங்க. அது ஆபத்துன்னு போர்டு மாட்டினதும் நீங்க. இப்ப இது ஆபத்து, அங்க போன்றீங்க. உங்க ஆபீசரு வராருன்னா தரையத் தேச்சித் தேச்சி வெக்கிறீங்க. எங்கள மட்டும் அங்கயும் இங்கயும் தொரத்தறீங்க.”

சுற்றி நின்றவர்கள் “அதானே!” என்றார்கள். அவள் கேட்டது நியாயம்தான். என் பதவியைச் சொல்லி அதட்டியிருக்கலாம். போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். அதற்கெல்லாம் நேரம் இல்லை என்பதைவிட, அப்படி எழுப்பினால் கூட்டம் எந்தப் பக்கம் பாயும் என்று எனக்குத் தெரியாது.

சாவியை அவள் கையில் கொடுத்தேன். “மேல தட்டு. சத்தத்தைக் கேளு. அப்புறம் கீழ தட்டு.”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து கையை உயர்த்தித் தட்டினாள். கணீர். குனிந்து தட்டினாள். தொப். இன்னொரு முறை தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள்.

“உள்ள தண்ணி நிக்குதா?”

“ஆமாம். அடியில பாரு.”

அவள் விரலை வைத்துத் துடைத்தாள். நான் செய்த மாதிரியே, மறுபடி கசிகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். மாமனாரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்து அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

“யோவ், நவுருங்க! தூணு உள்ள தண்ணி ரொம்பிக்கினு நிக்குது, ஒடையப் போவுது! ஜல்தியா உள்ள போங்க, தள்ளாம போங்க! கொழந்த வச்சினு இருக்கறவங்க மொதல்ல போங்க!”

நான் சொல்லி நகராத கூட்டம் அவள் சொல்லி நகர்ந்தது. வாசலில் அவளே நின்றுகொண்டு ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். பூட்டிக் கிடந்த ஹால் ஈரத் துணியும் கற்பூர வாசனையும் பேச்சுமாக நிறைந்தது. யாரோ அரோகரா போட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வேறு நேரமாக இருந்தால் நின்று கேட்டிருப்பேன். நாங்கள் அந்தச் சமயத்தில் காலியான இடத்தில் பழைய ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தூணுக்கு இரண்டு பக்கமும் கூரை உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆப்பைச் சம்மட்டியால் அடிக்காமல் கையாலேயே அழுத்தி இறக்கினோம். ஸ்பெஷல் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஹாலின் தெற்கு வாசல் வழியாக ஜனங்களை வரிசையாக விட்டார். அந்த மருமகள் ரயிலில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனாரைப் பத்திரமாக ஏற்றுவதில்தான் அவள் கவனம் இருந்தது.

தூண் உடையவில்லை.

மறுநாள் அதிகாரி நேரில் வந்தார். மழை விட்டிருந்தது. முட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆட்களை விட்டு நடுத்தூணைச் சுற்றி டைல்ஸை மெதுவாகப் பெயர்த்தோம். புதைந்திருந்த வாயைத் திறந்ததும் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. புறா இறகு, இலைச் சருகு, சேறு. வடிந்த பிறகு பார்த்தால், அந்த மயிரிழை மண்ணுக்கடியில் போய்த் தூணின் பாதிச் சுற்றளவுக்கு ஓடியிருந்தது. மிச்சப் பாதியில்தான் கூரை நின்றிருக்கிறது. எங்கள் முட்டு தாங்கியதா, அந்தப் பாதி தாங்கியதா என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் ஹாலுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் மொதல்ல வேலை பார்த்த ஊர்ல இப்படித்தான் ஒரு பழைய கட்டடம் மேடம்” என்றார். “நல்லா இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. அப்படியே சொல்லிட்டேன். சுவர் விழுந்து ஒரு ஆள் போயிட்டார். வெள்ளையடிக்க வந்தவர்.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இடிச்சிட்டா யார் மேலயும் விழாதுல்ல?”

நாங்கள் சிரித்துச் சிரித்துச் சொன்ன பெயர் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவரை அவசரக்காரர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் பயந்தவர், காரணத்தோடு பயந்தவர். நேற்று அந்தப் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் உத்தரவைத் தானே மாற்றியிருக்கிறார், என் கண் பார்த்ததை நம்பி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேனா என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

“சொல்லுங்க மேடம். என்ன எழுதப் போறீங்க?”

ஒவ்வொரு தூணின் அடியையும் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தோண்டினோம். எல்லாத் தூண்களும் அடியில் அரித்திருந்தன. சிலவற்றில் உளி வைத்தால் பொருக்காக உதிர்ந்தது. ஒன்றிரண்டை வேண்டுமானால் காப்பாற்றலாம் என்று ஒரு மனம் சொன்னது. அது என் ஆசை, கண் பார்த்தது அல்ல.

ஹாலும் கட்டடமும் நிற்கட்டும், சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு போதும், நடைமேடைக் கூரையைத் தூண்களோடு முழுவதுமாகப் பிரித்துவிட வேண்டும் என்று எழுதினேன். படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். “தூணுங்கதான் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்களே” என்றார். “ஆமாம் சார்” என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பிரித்த அன்று நான் அங்கே இருந்தேன். இலை விரிந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கிரேனில் இறங்கின. கட்டடம் நின்றுவிட்டதே என்று சந்தோஷப்பட்டேனா, தூண்கள் போயிற்றே என்று வருத்தப்பட்டேனா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தன. ஒன்று மற்றொன்றைக் கழிக்கவில்லை.

புதுக்கூரைக்கு அனுமதி வரத் தாமதமாயிற்று. அதற்குள் சித்திரை வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் வேலையாக அந்த ஸ்டேஷனில் இறங்கினேன். நடைமேடை தகித்தது. ரயில் வரும் நேரம் என்று ஜனங்கள் ஹாலை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். நானும் நின்றேன். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு பெரியவர். யாரிடம் என்று இல்லாமல் பேசினார்.

“நல்லா நெழலா இருந்த கூரைய எந்தப் புண்ணியவான் பிரிச்சானோ தெரில.”

பேசாமல் இருந்திருக்கலாம். என்னவோ, இருக்க முடியவில்லை.

“நான்தாங்க” என்றேன்.

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா?”

“தூணெல்லாம் அடியில அரிச்சிப் போச்சிங்க. விழுந்துடுமோன்னு பயம்.”

“வுழுந்துதா?”

“இல்லீங்க.”

அவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

“வெயில்ல நிக்காத, இப்டி வா” என்று குடையை என் பக்கம் சாய்த்தார்.